நட்ட மரத்தின் நிழல் மறுக்கப்பட்டவர்: உதைபந்தாட்டப் பத்திரிகையாளர் வால்டர் பென்செமன்

யாழ்ப்பாணம் - கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடம் மாங்குளம். ஊரைவிட்டுப் போகும் மக்களைப் பார்ப்பது இந்தச் சந்திக்குப் புதிதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வன்னியின் வீதிகள் அவர்களைக் கண்டன. 1997 இல் தொடங்கிய ஜெயசிக்குறு படை நடவடிக்கையின்போதும் 2008 இன் இறுதி மாதங்களிலும் அதே வீதிகள் தமிழ் மக்களின் மூட்டை முடிச்சுகளைக் கண்டன. கையில் எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டு போனோம். எடுத்துச் செல்ல முடியாதவற்றுள் ஒன்று மைதானம். மற்றொன்று, நாம் அங்கே இருந்தோம் என்பதற்குச் சான்றாகக் கழகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த நமது பெயர்.

பெயர் நீக்கப்படுதல் என்பதன் பொருளை அனுபவத்தால் அறிந்த வாசகர்களுக்கு ஒரு ஜேர்மனியப் பத்திரிகையாளரின் வாழ்க்கையை இன்று சொல்ல விரும்புகின்றோம். அவர் பெயர் வால்டர் பென்செமன். ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற உதைபந்தாட்டச் சஞ்சிகைகளுள் ஒன்றான கிக்கர் அவர் நிறுவியது. ஜேர்மனியின் பழம்பெரும் கழகங்கள் பலவற்றின் தொடக்கத்தில் அவருடைய கை இருந்தது. அக்கழகங்களுட் சில, அவரைப் போன்றவர்களுக்குத் தம்மிடம் இடமில்லை என்று கூறிக் கையொப்பமிட்ட அறிவித்தல் அவர் நிறுவிய அதே சஞ்சிகையில்தான் அச்சாகியது. இவ்வளவு கசப்பான திருப்பம் ஒரு கதையில் வந்திருந்தால் கதாசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்றே நாம் எண்ணியிருப்போம்.

1873 ஜனவரி 13 ஆம் திகதி பேர்லினில், வசதி படைத்த யூத வங்கியாளர் குடும்பமொன்றிற் பென்செமன் பிறந்தார். கல்விக்காகச் சிறு வயதிலேயே சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரூ நகருக்கு அனுப்பப்பட்டார். ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள அந்நகரின் பாடசாலைகளில் ஆங்கிலேயப் பிள்ளைகள் பலர் பயின்றனர். அவர்களிடமிருந்தே அவருக்கு உதைபந்தாட்டம் தொற்றிக்கொண்டது. 1887 இல், பதினான்கு வயதுச் சிறுவனாக, மொன்ட்ரூவில் ஒரு கழகத்தை அமைத்தார். பிற்கால வாழ்வு முழுவதற்கும் அதுவே அச்சாயிற்று. எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் ஒரு பந்து, பிறகு ஒரு கழகம், பிறகு அடுத்த ஊருக்கு ஒரு சவால் கடிதம் என்பதே அவர் வழக்கம்.

அடுத்ததாக அவர் வந்து சேர்ந்த ஊர் தென் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ. 1889 செப்டெம்பரில் சுவிற்சர்லாந்திலிருந்து தருவித்த பந்தொன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். இடைவேளையில் அந்தப் பந்து யன்னற் கண்ணாடியைப் பதம் பார்த்தது. தலைமையாசிரியர் தண்டித்ததோடு நில்லாது, ஊர்ப்புறத்து வெளியொன்றில் போய் ஆடும்படி பிள்ளைகளை அனுப்பிவைத்ததாகப் பென்செமனே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். யன்னலை உடைத்த மாணவனுக்கு மைதானத்தைக் காட்டிய அந்தத் தலைமையாசிரியரும் இவ்வரலாற்றில் நன்றியோடு நினைக்கப்பட வேண்டியவர். அந்த வெளிக்கு நாளடைவில் ஆங்கிலேயர் மைதானம் என்ற பெயர் நிலைத்தது. அவ்வாண்டே அங்கு தோன்றிய கழகம் தென் ஜேர்மனியின் முதல் உதைபந்தாட்டக் கழகமாகக் கருதப்படுகின்றது. 1891 இல் கார்ல்ஸ்ரூ உதைபந்தாட்டக் கழகம் உருவானதிலும் அவரே முன்னின்றார். ஸ்ட்ராஸ்பேர்க், மன்ஹைம், பிராங்பேர்ட், மியூனிச் என்று அவர் கால் பதித்த நகரங்களிலெல்லாம் கழகங்கள் முளைத்தன. இன்று உலகறிந்த பயேர்ண் மியூனிச், ஐன்ட்ராக்ட் பிராங்பேர்ட் ஆகிய கழகங்களின் வேர்களைத் தேடிச் செல்வோர் அவர் பெயரைக் கடக்காமற் செல்ல இயலாது.

அக்காலத்து ஜேர்மனியில் உதைபந்தாட்டம் மதிப்புக்குரிய விளையாட்டாக இருக்கவில்லை என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். 1874 இலேயே பிரவுன்ஸ்வைக் நகரில் கொன்ராட் கொக் என்ற ஆசிரியர் தமது மாணவர்களுக்குப் பந்தைக் காட்டியிருந்தார். எனினும் நாட்டுப்பற்றின் அடையாளமாகப் போற்றப்பட்டது உடற்பயிற்சிச் சங்கங்களின் அணிவகுப்புப் பயிற்சியே. உதைபந்தாட்டம் அந்நியச் சரக்கு, ஆங்கிலேய நோய் என்று ஏசப்பட்டது. ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் கார்ல் பிளாங்க் 1898 இல் ஒரு சிறுநூலே எழுதி, காலால் உதைக்கும் செயலே மனிதனைக் குரங்காக்குவது என்ற பாணியில் சாடினார். நமது ஊர்களிலும் பந்தோடு திரிந்த பிள்ளைகள் வாங்கிய ஏச்சு அப்படியொன்றும் வேறுபட்டதன்று. ஆனால் ஜேர்மனியில் அந்த ஏச்சில் அந்நியர் மீதான வெறுப்பும் கலந்திருந்தது. பிற்காலத்தில் யாரை நோக்கி அந்த வெறுப்பு திரும்பியது என்பதைப் பின்னர் காண்போம்.

பென்செமனோ அந்நியரோடு ஆடுவதற்காகவே பந்தைத் தொட்டவர். 1898 டிசம்பரில் ஜேர்மனிய வீரர்களைத் திரட்டிக்கொண்டு பாரிஸ் நகருக்குச் சென்றார். 1870 - 71 போரில் பிரான்சை ஜேர்மனி தோற்கடித்து அல்சாஸ், லொரெய்ன் பகுதிகளைப் பறித்துக்கொண்டு இருபத்தேழு ஆண்டுகளே கழிந்திருந்தன. பிரான்சிலோ, யூதர் என்பதற்காகவே தேசத்துரோகியெனப் பழி சுமத்தப்பட்ட படையதிகாரி திரைபஸ் மீதான வழக்கு நாட்டையே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த வேளை அது. அத்தகைய நாளில், ஒரு யூத இளைஞர், ஜேர்மனிய அணியொன்றைப் பாரிஸ் மைதானத்தில் இறக்கினார். இரண்டு ஆட்டங்களிலும் அவரது அணி வென்றது. இரு நாட்டிலும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் கைகலப்பின்றி ஆட்டம் முடிந்து, வீரர்கள் ஒரே மேசையில் உணவருந்தினார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் துணிந்தார். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் அணியை ஐரோப்பியப் பெருநிலத்துக்கு அழைத்தார். தென் ஜேர்மனியச் சங்கத்தின் ஆதரவு கிடைக்கவில்லை. செலவுக்கு உத்தரவாதமாகக் கேட்கப்பட்ட பணத்தை அவருடைய நண்பரும் வீரருமான ஈவோ ஷ்ரிக்கரின் தாயாரே கடனாகக் கொடுத்தார் என்று கூறப்படுகின்றது. 1899 நவம்பரில் இங்கிலாந்து அணி வந்தது. பேர்லினில் முதல் ஆட்டத்தில் 13 - 2, இரண்டாவது ஆட்டத்தில் 10 - 2 என்று ஜேர்மனியர் தோற்றனர். பிராக் நகரிலும் கார்ல்ஸ்ரூவிலும் நடந்த ஆட்டங்களிலும் கதை அதுவே. தோல்வியின் அளவைக் கண்டு பலர் நகைத்தனர். பென்செமன் அதனைப் பாடமாகவே கண்டார். விளையாட்டைக் கண்டுபிடித்தவனிடம் தோற்றுக் கற்பதில் வெட்கமில்லை என்பது அவர் எண்ணம். ஜேர்மனிய உதைபந்தாட்டத்தின் சர்வதேச வரலாறு இந்தத் தோல்விகளிலிருந்தே தொடங்குகின்றது. 1900 ஜனவரி 28 இல் லைப்சிக் நகரில் 86 கழகங்கள் கூடி ஜேர்மனிய உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தபோது அவரும் அங்கிருந்தார்.

அவரைப் புனிதராக்கிக் காட்டுவது நமது நோக்கமன்று. பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தவர். விருந்துகளில் வள்ளல், கணக்குப் புத்தகத்தில் கடனாளி. ஒரு கழகத்தை ஆரம்பித்து, அது காலூன்றுவதற்குள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். சண்டைக்கும் குறைவில்லை. குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. விடுதிகளே வீடாயின. பல பல்கலைக்கழகங்களின் படியேறி மொழிகளைக் கற்றார். 1901 முதல் பிரித்தானியாவில் பாடசாலை மொழியாசிரியராகப் பணிபுரிந்தார். ஆங்கிலேயப் பாடசாலைகளின் விளையாட்டுப் பண்பு, அதாவது வெற்றியைக் காட்டிலும் நேர்மையான ஆட்டத்தை மதிக்கும் பண்பு, அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்த காலம் அது. அந்நாடு அதே வேளையில் நமது நாடு உட்பட உலகில் எத்தனையோ தேசங்களை அடக்கி ஆண்டுகொண்டிருந்தது என்பதை அவர் எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. மைதானத்து நேர்மையைக் கண்டவர் மைதானத்துக்கு வெளியே நடந்ததைச் சில வேளைகளிற் காணத் தவறினார். பிற்கால நிகழ்வுகளுக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் தொடர்புண்டு என்றே நாம் கருதுகின்றோம்.

1914 இல் விடுமுறைக்கு ஜேர்மனி வந்திருந்தபோது முதலாம் உலகப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல இயலவில்லை. அவர் நேசித்த இரு நாடுகளின் இளைஞர்களும் நான்கு ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்றார்கள். அவரோடு ஆடியவர்களும் அவரிடம் கற்றவர்களும் இருபுறத்துப் பதுங்கு குழிகளிலும் இருந்தனர். போர் முடிந்தபோது ஜேர்மனி தோற்று, அவமானப்பட்டு, உலகத்தால் ஒதுக்கப்பட்ட நாடாக நின்றது. விளையாட்டிலும் அவ்வாறே. ஜேர்மனியோடு ஆடுபவர்களோடு தாமும் ஆடமாட்டோம் என்று இங்கிலாந்து நிலைப்பாடு எடுத்தது. அந்தத் தடையை முதலில் உடைத்த நாடு சுவிற்சர்லாந்து. எதிர்ப்புகளுக்கு மத்தியில் 1920 ஜூன் 27 இல் சூரிச் நகரில் ஜேர்மனிய அணியை வரவேற்று ஆடியது. ஆட்டத்தில் சுவிஸ் அணி 4 - 1 என வென்றது. எனினும் தோற்ற அணியினரே அன்று அதிகம் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த ஆட்டம் நடந்து மூன்று வாரம் நிறைவதற்குள், 1920 ஜூலை 14 இல், கிக்கர் சஞ்சிகையின் முதல் இதழ் வெளியானது. அப்போது பென்செமனுக்கு வயது 47. மற்றவர்கள் இளைப்பாறுவதைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில் அவர் பத்திரிகையாசிரியரானார். இதழ் வெளியான ஊர் கொன்ஸ்டன்ஸ். சுவிற்சர்லாந்தின் எல்லையோடு ஒட்டிக்கிடக்கும் ஏரிக்கரை நகரம் அது. தலைநகரை விட்டு எல்லைக்கோட்டில் போய் நின்று பத்திரிகை தொடங்கியதிலேயே அவர் எண்ணம் புலப்படுகின்றது. வெளியான திகதியும் பிரான்சின் தேசிய தினம். தோற்ற நாட்டின் பத்திரிகையொன்று வென்ற நாட்டின் திருநாளிற் பிறந்தது.

தொடக்க ஆண்டுகள் மிகக் கடினமானவை. ஜேர்மனியின் பணவீக்கம் 1923 இல் உச்சத்தைத் தொட்டபோது காலையில் ஒரு விலைக்கு விற்ற பத்திரிகை மாலையில் வேறு விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. பத்திரிகை நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு, கடதாசித் தட்டுப்பாட்டுக்குள் வன்னியில் அச்சு இயந்திரத்தை ஓட்டிய காலத்தை நினைத்துப் பார்க்கக் கூடியவர்களுக்கு, அவரது நிலை விளங்கும். ஸ்டுட்கார்ட், லுட்விக்ஸ்ஹாபன் என்று ஊர் ஊராக இடம்பெயர்ந்த சஞ்சிகை ஈற்றில் நூரம்பேர்க் நகரில் நிலைகொண்டது. இதற்கிடையில் உதைபந்தாட்டமோ ஜேர்மனியில் காட்டுத்தீயாய்ப் பரவியது. போருக்கு முன்னர் இரண்டு இலட்சத்தை எட்டாதிருந்த சங்க உறுப்பினர் தொகை 1920 களில் பன்மடங்கு பெருகியது. படை முகாம்களில் நேரம் போக்குவதற்காகப் பந்தைக் கற்ற சிப்பாய்கள் வீடு திரும்பியும் அதை விடவில்லை. அவர்களுக்கு வாசிக்க ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது.

அந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் அவர் எழுதிய குறிப்புரைகளே கிக்கரின் உயிர்நாடி. ஆட்டத்தின் முடிவையும் கோல் போட்டவரின் பெயரையும் எழுதுவதே உதைபந்தாட்டச் செய்தி என்றிருந்த நாளில், அவர் வேறொன்றைச் செய்தார். இரயிற் பயணம், விடுதி உணவு, பழைய நண்பரின் மரணம், பாடசாலைக் கால நினைவு, அரசியல்வாதியின் முட்டாள்தனம் என்று தொடங்கி, வாசகர் எதிர்பாராத திருப்பத்தில் மைதானத்துக்கு வந்து சேர்வார். இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலத் தொடர்கள் இடையிடையே வந்து விழும். கேலி கூர்மையானது. விளையாட்டை அவர் சமயத்துக்கு நிகராக வைத்தார். மக்களினங்களையும் வகுப்புகளையும் இணைப்பதற்கு எஞ்சியிருக்கும் உண்மையான வழி அதுவே என்று மனமார நம்பினார். இன்றைய வாசகருக்கு அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் தேசப்பற்றுப் பேசாத விளையாட்டு எழுத்தே இல்லாதிருந்த நாளில், எதிர் அணியின் நல்ல ஆட்டத்தை மனம் நிறையப் பாராட்டி எழுதுவதே ஒரு துணிச்சலான அரசியற் செயலாக இருந்தது.

ஜேர்மனியச் சங்கத்தோடு அவருக்கு ஓயாத மோதல். 1920 களின் நடுப்பகுதியில், தொழில்முறை வீரர்களைக் கொண்ட ஒஸ்திரியா, ஹங்கேரி, செக்கொஸ்லோவாக்கியா ஆகிய நாட்டு அணிகளோடு ஆடுவதைச் சங்கம் தடைசெய்தது. விளையாட்டின் தூய்மையைக் காப்பதாகச் சொல்லப்பட்ட அத்தடை உண்மையில் அயலவர்க்குக் கதவடைப்பதே என்று அவர் எதிர்த்தார். தாம் 1899 இல் அழைத்துவந்த இங்கிலாந்தை மீண்டும் பேர்லினுக்கு வரவழைக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அதற்காக எழுதினார், கடிதம் போட்டார், கடல் கடந்து போய்ப் பேசினார். 1930 மே 10 இல் அது நிறைவேறியது. ஆட்டம் 3 - 3 எனச் சமநிலையில் முடிந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர் 13 கோல்கள் வாங்கிய நாடு, ஆசானுக்கு நிகராக நின்றது. பென்செமனின் வாழ்வில் இதைவிட மகிழ்ச்சியான நாள் இருந்திருக்குமென நாம் எண்ணவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாத இறுதியில் பென்செமன் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டார். மீண்டும் தாயகம் திரும்பவேயில்லை. ஏப்ரல் முதலாந் திகதி யூதரின் கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டன. ஏப்ரல் 9 இல் ஸ்டுட்கார்ட் நகரில் தென் ஜேர்மனியின் பதினான்கு முன்னணிக் கழகங்கள் கூடின. புதிய அரசின் பணியில் மகிழ்ச்சியோடும் உறுதியோடும் இணைவதாகவும், விளையாட்டுக் கழகங்களிலிருந்து யூதரை அகற்றும் விடயத்தில் உரிய முடிவுகளை எடுக்கத் தயார் என்றும் பிரகடனம் செய்தன. இரண்டு நாள் கழித்து அது கிக்கரில் வெளியாயிற்று.

கையொப்பமிட்டவை யார் யார்? பயேர்ண் மியூனிச் இருந்தது. ஐன்ட்ராக்ட் பிராங்பேர்ட் இருந்தது. சஞ்சிகை வெளியாகும் ஊரின் நூரம்பேர்க் கழகம் இருந்தது. யன்னல் உடைத்த மாணவன் பதினெட்டு வயதில் உருவாக்கிய கார்ல்ஸ்ரூ உதைபந்தாட்டக் கழகமும் இருந்தது.

இதில் நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்றைய தினத்தில், கழகங்களிலிருந்து யூத உறுப்பினரை நீக்கும்படி கட்டளையிடும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. துப்பாக்கியோடு வந்து எவரும் கையொப்பம் கேட்கவில்லை. கேட்குமுன்னரே கொடுத்தார்கள். தமது மைதானத்தையும் தமது போட்டி அட்டவணையையும் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தம்மோடு ஆடியவர்களைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். சாதாரணக் கழகச் செயலாளர்களும் பொருளாளர்களுமே.

கார்ல்ஸ்ரூ கழகத்தின் பதிவேட்டில் அப்போது யூலியுஸ் ஹிர்ஷ் என்ற பெயர் இருந்தது. 1910 இல் அக்கழகம் ஜேர்மனியச் சம்பியனானபோது ஆடியவர். ஜேர்மனிக்காக ஏழு ஆட்டங்களில் ஆடியவர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியப் படையிற் பணிபுரிந்து விருது பெற்றவர். பத்திரிகையில் இந்தச் செய்தியை வாசித்த அவர், வெளியேற்றப்படும்வரை காத்திராது, மறுநாளே தாமாகக் கழகத்திலிருந்து விலகினார். 1943 மார்ச்சில் அவுஸ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வரவில்லை. அவரோடு அதே அணியில் முன்வரிசையில் ஆடிய கொட்பிரீட் பூக்ஸ், 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல்கள் போட்டவர். ஜேர்மனியத் தேசிய அணியில் இன்றுவரை அதை எவரும் மிஞ்சவில்லை. அவரும் யூதர். தப்பிச் சென்று கனடாவிற் குடியேறினார். 1972 இல் மியூனிச் ஒலிம்பிக் மைதானத் திறப்பு ஆட்டத்துக்கு அவரை விருந்தினராக அழைக்கும்படி முன்னாள் பயிற்றுவிப்பாளர் செப் ஹெர்பேர்கர் கேட்டுக்கொண்டபோது, ஜேர்மனியச் சங்கம் இணங்கவில்லை. போர் முடிந்து இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர் நடந்தது இது. அந்த ஆட்டத்துக்கு முன்னரே பூக்ஸ் கனடாவில் காலமானார்.

யூதர் என்ற சொல்லைக் கேட்டதும் நமது வாசகர்களிற் பலருக்கு, குறிப்பாக முஸ்லிம் வாசகர்களுக்கு, பலஸ்தீன மக்களின் துயரமே முதலில் நினைவுக்கு வரும் என்பதை நாம் அறிவோம். அந்த வேதனை நியாயமானது. அதனை மறந்துவிடும்படி இங்கு எவரையும் கேட்கவில்லை. ஆனால் பென்செமன் இறந்தபோது இஸ்ரேல் என்ற அரசு இருக்கவில்லை. தாம் பிறந்த நாட்டைத் தவிர வேறு நாட்டைத் தமதென்று அவர் எண்ணியதுமில்லை. பிறப்பைக் காரணமாக்கி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு மனிதராகவே அவரை இங்கு பார்க்கின்றோம். இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளம் நோக்கி நடந்தவர்களுக்கும், முள்ளிவாய்க்கால் வரை ஓடிப் பின் முட்கம்பிக்குள் வாழ்ந்தவர்களுக்கும் அவரது நிலையை விளக்க வேண்டியதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் 1990 க்கு முன்னர் அடுத்தடுத்த ஊர்களில் இரு சமூகத்தவரும் வாழ்ந்த காலத்தில் மாலை வேளையில் மைதானம் பொதுவாகவே இருந்தது என்று மூத்தோர் சொல்வர். அந்த ஒக்டோபரில் மறுநாட் காலை ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோது, போனவர்களைப் பற்றி அங்கு எவ்வளவு பேசப்பட்டது என்ற கேள்வியைத் தமிழர்களாகிய நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அஞ்சியிருந்தோம் என்பது உண்மை. அது மட்டுமே உண்மையா என்பதுதான் கேள்வி.

சுவிற்சர்லாந்திற் பென்செமன் சேர்ந்த இடம் மொன்ட்ரூ. சிறுவனாக முதல் பந்தை உதைத்த அதே நகரம். கையிற் பணமில்லை. இருந்த சொத்து முழுவதும் கழகங்களுக்கும் சஞ்சிகைக்கும் போய்விட்டது. சஞ்சிகையின் முகப்பிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டு, அவரிடம் பணிபுரிந்தவரே ஆசிரியரானார். பழைய நண்பர் ஷ்ரிக்கர் அப்போது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் செயலாளராகச் சூரிச்சில் இருந்தார். ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் கார்ல்ஸ்ரூவிலும் சேர்ந்து ஆடிய நாட்களை மறவாத அவரும் வேறு சில நண்பர்களுமே கைகொடுத்தார்கள். 1934 நவம்பர் 12 இல், 61 ஆவது வயதில், பென்செமன் மொன்ட்ரூவிலேயே காலமானார். பின்னர் அவர் நினைவாக இளைஞர்களுக்கான சர்வதேசச் சுற்றுப்போட்டியொன்றை நண்பர்கள் சுவிற்சர்லாந்தில் நடத்தினார்கள். ஜேர்மனியில் அவர் பெயரைச் சொல்ல எவருமில்லை.

அவரது நம்பிக்கை பொய்த்துவிட்டதா என்று கேட்கலாம். எல்லைகளைக் கடந்து ஆடினால் வெறுப்பு கரையும் என்று அவர் நம்பினார். 1936 இல் பேர்லினில் உலகமே கூடி ஒலிம்பிக் ஆடியது. வெறுப்பு கரையவில்லை. பந்து தானாக எவரையும் திருத்துவதில்லை. இன்னோர் இனத்தவனோடு தொண்ணூறு நிமிடம் ஆடிவிட்டு, அவன் பெயரை அடிக்கும் பத்திரத்தில் அதே கையால் ஒப்பமிடவும் மனிதனால் முடிகின்றது. இதைப் பென்செமன் முன்கூட்டி உணரவில்லை. அவரது எழுத்தின் மிகப் பெரிய பலவீனமும் அதுவே. ஆயினும் அந்தப் பதினான்கு கழகங்களுள் ஒன்றான பயேர்ண் மியூனிச்சின் யூதத் தலைவர் கூர்ட் லண்டவர் 1933 மார்ச்சிற் பதவி விலகி, 1938 இல் டகாவ் முகாமில் அடைக்கப்பட்டு, சுவிற்சர்லாந்துக்குத் தப்பி, 1947 இல் திரும்பி வந்தபோது, அதே கழகம் அவரை மீண்டும் தலைவராக்கியது என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. திரும்பி வருவதற்கு உயிரோடிருந்தவர்கள் சிலர். திரும்பி வந்தவர்க்குக் கதவு திறந்த இடங்களும் சில.

பென்செமனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. போருக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் ஜேர்மனிய உதைபந்தாட்டம் அவரை மறந்தே இருந்தது. வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் மட்டும் வாழ்ந்தார். ஆய்வாளர்கள் பழைய இதழ்களைப் புரட்டத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. 2003 இல் பேர்ண்ட் பையர் என்பவர் அவரது வாழ்வை நாவல் வடிவில் எழுதி வெளியிட்டார். 2005 முதல் ஜேர்மனியச் சங்கம் இனவெறிக்கு எதிரான பணிக்கு யூலியுஸ் ஹிர்ஷ் பெயரில் விருது வழங்குகின்றது. அடுத்த ஆண்டு நூரம்பேர்க்கில் உள்ள உதைபந்தாட்டப் பண்பாட்டுக் கழகம், கிக்கரின் துணையோடு, பென்செமன் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. பெயரை அடித்த சஞ்சிகை எழுபத்துமூன்று ஆண்டுகள் கழித்துப் பெயரைத் திரும்ப எழுதியது.

இங்கே வன்னியில், 2002 இல் பாதை திறந்தபோதும் 2009 இன் பின்னரும் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் காடு மண்டிய காணிகளையும் சிதைந்த பள்ளிவாசல்களையும் கண்டன. அவர்களின் காணிப் பிணக்குகளும் வாக்காளர் பதிவுச் சிக்கல்களும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. பழைய பதிவேடுகளில் ஒரு பெயர் எஞ்சியிருந்தால் அது எவ்வளவு பெறுமதியானது என்பதை அந்த அலுவலக வரிசைகளில் நின்றவர்கள் அறிவார்கள். மாங்குளத்துக்கு மீண்டும் இரயில் வந்தது 2013 இல். அதில் ஊர் திரும்பியவர்களில் எவரேனும் தம் பழைய கழகத்தைத் தேடிச் சென்றிருந்தால், அங்கு வயதான ஒருவராவது அவரைப் பெயர் சொல்லி அழைத்திருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகின்றது.

கிக்கர் இன்றும் வெளிவருகின்றது. கார்ல்ஸ்ரூவில் அந்த மாணவன் பந்தை உருட்டிச் சென்ற வெளிக்கு இன்றும் ஆங்கிலேயர் மைதானம் என்றே பெயர்.